மாறினதை மட்டும் அனுப்பு

என் அக்கா ருஷ்தா, எங்கள் பேச்சில் ராத்தா, அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் எல்லோரும் முதலில் கவனித்தது இதைத்தான். வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடப்பதற்கென்றே இருக்கும் முடுக்கு வழியாக வருவார்கள். உள்ளறையில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருக்கும் ராத்தாவின் கையைப் பிடிப்பார்கள். அவள் முகத்தில் எதையோ தேடுவார்கள். கிடைக்காமல் அடுப்படிக்கு வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏளா ஹனீன், ஒன் ராத்தா ஒரு சொட்டு கண்ணீராவது வுட்டாளா?"

அழுதால் உங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்கிறேன், இப்போது டீயைக் குடியுங்கள் என்று நாக்கு நுனி வரை வரும். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொள்வேன்.

ராத்தாவின் மாப்பிள்ளை நௌஃபல் மச்சான் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஜூன் மாதம், நார்வேயின் வடகோடியில் இரும்புத்தாது ஏற்றப் போன இடத்தில், வேலை முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உடலை இங்கே கொண்டுவர நாளாகும் என்றதும், அங்கேயே அடக்கிவிடச் சொல்லி வாப்பாவும் மச்சானின் உறவுக்காரர்களும் ஃபோனில் சம்மதம் கொடுத்தார்கள். அடக்கத்தை யாரோ வீடியோவில் காட்டினார்கள். ஈர மண்ணும் நாலைந்து மழைக்கோட்டுகளும் தெரிந்தன, பிறகு படம் உறைந்து நின்றுவிட்டது. ராத்தா அந்த உறைந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, அரிசி களைந்துவிட்டாயா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் இத்தாவில் இருந்தாள். மாப்பிள்ளை இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருக்கிற காலம். சொன்னதைச் செய்தாள். வைத்ததைச் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருக்கும்.

அவள் ஏன் இப்படி இருந்தாள் என்று புரிய வேண்டுமானால், அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி நிக்காஹ் முடிந்ததும் மச்சான் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். வந்தார் என்று பேர்தானே தவிர, வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான். கப்பலில் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்துதான் கொடுப்பார்கள். லேப்டாப் வாங்கும்போது கூடவே ஒரு சிஸ்டம் வருகிறதே, அது நாம் கேட்காமலே பின்னால் எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் கப்பலில், மாதம் பிறந்த அன்றே மச்சானின் பங்கு முழுவதையும் அது தின்று தீர்த்துவிட்டது. அந்த மாதம் ராத்தாவுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவர் திரும்பி வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்தார். தன்னுடையதிலும் ராத்தாவுடையதிலும் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டார். அது நாம் கேட்டால் ஒழிய எதையும் இறக்காது என்றார். புது மாப்பிள்ளை ஊருக்கு வந்து முதலில் பார்த்த வேலை இது. விருந்துக்குக் கூப்பிட வந்த சொந்தக்காரர்கள், அவர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

ராத்தா கம்ப்யூட்டர் படித்தவள், மகளிர் கல்லூரி ஒன்றில் லேப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடித்துப்போனது. இருவரும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தார்கள். பேர் 'வக்து'. வக்து என்றால் தொழுகை நேரம். கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கொடுத்தால், நெட் இல்லாமலே, சூரியனின் போக்கைக் கணித்து ஐந்து வேளைத் தொழுகைக்கும் நேரம் சொல்லும். இன்று கொழும்பு, வாரம் கழித்து ஏடன் என்று ஓடுகிறவர்களுக்குப் பள்ளிவாசல் பாங்கா கேட்கும்? எங்கள் ஊரிலிருந்து கப்பலுக்குப் போகிற வேறு சிலரும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அவர் கடலில், இவள் இங்கே காயல்பட்டினத்தில். முழு புரோகிராமையும் ஒவ்வொரு தடவையும் அனுப்ப டேட்டா ஏது? ஆயிரம் வரியில் மூன்று வரி மாறியிருந்தால், அந்த மூன்று வரியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். மறுமுனையில் இருப்பவர் அதைத் தன்னிடம் இருப்பதில் ஒட்டிக்கொள்வார். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது, அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன என்று ராத்தா சொன்னாள். மாறினதை மட்டும் அனுப்பு. அதுதான் அவர்கள் சட்டம்.

கடைசியில் குடும்பப் பேச்சும் அந்தச் சட்டத்துக்குள் போய்விட்டது. "பல்வலி போச்சு." "உம்மாவுக்குப் புதுக் கண்ணாடி." "அறை மாத்திட்டாங்க, இப்ப ஜன்னல் இருக்கு." நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. நலம் மாறவில்லை என்றால் அதை ஏன் எழுத வேண்டும்? எழுத ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் வராது. ஒன்றும் வராவிட்டால் எல்லாம் முன்போலவே இருக்கிறது என்று பொருள். இதென்ன காதல் கடிதமா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸா என்று நான் கிண்டல் செய்வேன். ராத்தா சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

ஜூன் மாதத்தில் மச்சான் எழுதியது இவ்வளவுதான்: "இங்கன சூரியன் மறையவே இல்ல. வக்து மக்ரிப்ல முட்டிக்கிட்டு நிக்கி. பாரு." சூரியன் மறைந்ததும் தொழுவது மக்ரிப். மறையாத ஊரில் புரோகிராம் எதைக் கணிக்கும்? பிழை என்று சொல்லி நின்றுவிட்டிருக்கிறது.

அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மச்சானின் உம்மா, எங்கள் சம்சுன்னிசா மாமி, வெள்ளிக்கிழமை வந்தபோது மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். ராத்தா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஒண்ணும் வரல மாமி. அப்ப நல்லாத்தான் இருக்காங்க."

வேறு எந்த வீட்டிலாவது, ஒன்றும் வரவில்லை என்றால் பதறுவார்கள். எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் தூத்துக்குடி ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது.

மச்சானோடு அதே கப்பலில் சமையல்காரராக இருந்தவர் மரியான். தூத்துக்குடிக்காரர். தன் ஒப்பந்தம் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் ஊருக்கு வந்தவர், மச்சானின் சாமான்களை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா கடையிலிருந்து வரும் வரை காத்திருக்கச் சொல்லித் தின்பண்டம் கொடுத்தேன். அவர் தொடவில்லை. வாப்பா வந்ததும், சேதி கேட்டு வந்த மாமியும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். ராத்தா உள்ளறையில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

"ரெண்டு மூணு நாளாவே நெஞ்சப் புடிச்சிக்கிட்டுதான் திரிஞ்சாவ அண்ணாச்சி. கேஸு கேஸுன்னு மாத்திரயப் போட்டாவ. கேப்டன்கிட்ட சொல்லுவமான்னேன். வேண்டாம்னுட்டாவ. வீட்டுக்கு எழுதணும், எழுதணும்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாவ."

"எழுதினானா?" என்று மாமி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"தெரியலயே அம்மா. லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு கரையில மாலுமிகளுக்கு இருக்க கிளப்புக்குப் போனாவ. அங்கன நெட்டு ஃப்ரீ. என்னத்தயோ பெருசா இறக்கப் போட்டாவ. அதுக்குள்ள கப்பல்லருந்து கூப்புட்டாங்க. பாதியில மூடிக்கிட்டு வந்துட்டாவ. அன்னைக்கி ராத்திரிதான்..."

மரியான் போகும்போது மச்சானின் பையை இரண்டு கையாலும் வாப்பாவிடம் கொடுத்தார்.

அன்று ஆரம்பித்தது. மாமி நல்ல மனுஷிதான், என்னை மடியில் வைத்து வளர்த்தவர்களில் ஒருவர். ஆனால் அன்றிலிருந்து வரும்போதெல்லாம் ராத்தாவின் எதிரே உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டார். "எம்புள்ள நெஞ்சு வலிக்கின்னு ஒனக்கு எழுதலயாளா? எழுதி, நீ பாக்காம வுட்டியா?" வரவில்லை மாமி என்பாள் ராத்தா. "எழுதி அது போவாம நின்னுருக்குமோ?" அதற்குப் பதில் மரியான் கொடுத்த பையில் இருந்த லேப்டாப்பில் இருந்தது. அவர் எழுதுவது முதலில் லேப்டாப்பிலேயே வரிசையில் நிற்கும், நெட் கிடைக்கும்போது தானே கிளம்பும். அப்படித்தான் அமைத்து வைத்திருந்தார்கள்.

எழுதியிருந்தால், வலிக்கிறது என்று ஒரு வரி அங்கே மூச்சு முட்டிக் கிடக்கிறது. எழுதவில்லை என்றால், சாகக் கிடந்தபோதும் ராத்தாவுக்குச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இரண்டில் எது தேவலை என்று எனக்கே தெரியவில்லை. ராத்தா எதை விரும்பினாள் என்று அவள் முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்புத் திரை. கொஞ்சம் எழுத்து. அவள் எதையோ அடித்தாள், அது எதையோ மறுத்தது.

"என்னவாம்?" என்றேன்.

"அப்டேட் பாதியில நின்னுருக்கு. பாதி பழசு, பாதி புதுசு. ஒண்ணுக்கொண்ணு சேர மாட்டேங்குது."

கப்பலில் பலர் கை படும் என்று மச்சான் தன் கோப்புகளைப் பூட்டி வைத்திருந்தார். கடவுச்சொல் ராத்தாவுக்குத் தெரியும். ஆனால் பூட்டைத் திறக்கிற கருவி உடைந்தவற்றில் ஒன்று. அதைச் சரிசெய்யப் புதிய துண்டுகளை நெட்டிலிருந்து இறக்க வேண்டும்.

வாப்பா பாவம், உதவி செய்ய நினைத்தார். "திருச்செந்தூர்ல கடை இருக்கும்மா. குடுத்தா எல்லாத்தயும் அழிச்சிட்டுப் புதுசு மாதிரி போட்டுக் குடுப்பான்."

"வேண்டாம் வாப்பா," என்றாள் ராத்தா. அந்த இரண்டரை மாதத்தில் அவள் வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் அது. நான் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் நெட்டுக்கு எங்கே போவது? தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் எங்கள் கேபிளை அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சரிசெய்ய ஆள் வந்தால் ராத்தா இருக்கும் உள்ளறைக்குத்தான் வர வேண்டும், நெட் வருகிற பெட்டி அங்கேதான் இருந்தது. அவளை வேறு அறைக்கு மாற்றிவிட்டு ஆளை விடலாமே என்றேன். இத்தா முடியட்டும், அதுவரை அந்நிய ஆண் யாரும் அந்த அறையில் கால் வைக்கக் கூடாது என்று உம்மா ஒரே பிடியாக நின்றார். மிச்சம் என் ஃபோன். எங்கள் வீட்டுச் சுவர் அந்தக் காலத்துச் சுவர், சிக்னல் உள்ளே வராது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால் கொஞ்சம் வரும். நாலு தெரு ஜன்னலும் பார்க்கிற மாடிக்கு இத்தாவில் இருப்பவள் போக மாட்டாள்.

அப்புறம் என்ன, நான்தான் போனேன்.

முழு சிஸ்டத்தையும் ஒரே பெரிய கோப்பாக இறக்கிவிடலாம் என்று முதலில் பார்த்தோம். ஒரு நாள் டேட்டா முழுவதையும் வாங்கிக்கொண்டு, முடிகிற நேரத்தில் அறுந்துபோனது. மறுநாளும் அதே கதை. தொட்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன், கால்தான் வீங்கியது. "துண்டு துண்டா எடுப்போம்," என்றாள் ராத்தா. எது எது வேண்டும் என்று அவள் சொல்ல, நான் மாடிக்குப் போய் ஒவ்வொன்றாக ஃபோனில் இறக்கி, கீழே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் கேபிளை மாட்டி லேப்டாப்பில் ஏற்றுவாள்.

கேட்க எளிதாக இருந்தது. ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அது வேலை செய்ய இன்னொன்று வேண்டும் என்று திரை சொல்லும். அதைக் கொண்டுவந்தால் அதற்கு வேறு இரண்டு. கல்யாண வீட்டில் ஒருவரை அழைத்தால் அவர் மச்சினியை அழைத்தாயா, அவள் சம்பந்தியை அழைத்தாயா என்று கேட்பார்களே, அந்த மாதிரி. எனக்கு வாயில் நுழையாத பேர்கள். ஒருநாள் ஏதோ ஒன்றின் பழைய பதிப்பைக் கொண்டுவந்துவிட்டேன். ராத்தா பார்த்துவிட்டு, "இது இல்ல," என்றாள். அவ்வளவுதான்.

"திட்டவாவது செய்யேன் ராத்தா. கண்ணு தெரியாதாளா, கழுதன்னு ஒரு வார்த்த சொல்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தோணல ஹனீன்," என்றாள். கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. "அவங்க மௌத்தாயிட்டாங்கன்னு எல்லாரும் சொல்லுதீங்க. எனக்கு ஒண்ணும் வரலயே. ஒண்ணும் வரலன்னா ஒண்ணும் மாறலன்னுதான் உள்ள இருக்கு. நான் என்ன செய்ய?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி மாடிக்குப் போய்விட்டேன். செப்டம்பர் வெயிலில் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, ஃபோனில் அந்தச் சின்னக் கோடு நகர்வதைப் பார்த்தபடி, மூக்கைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்து ஜன்னல்காரர்கள் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்களோ. ஃபோன் வைத்துக்கொண்டு மாடியிலேயே குடியிருக்கிற குமரிப் பெண். உம்மாவிடம் ஒருத்தி வந்து கேட்டும் விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகலின் அஸர் தொழுகை முடிந்து மாமி வந்து உட்கார்ந்திருந்தார். அன்று நான் கொண்டுவந்ததை ஏற்றிவிட்டு ராத்தா லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் ஓடின எழுத்துகள் இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை. கடவுச்சொல் கேட்டது. கொடுத்தாள். திறந்துகொண்டது. கடிகாரம் இன்னும் கப்பல் நேரத்திலேயே இருந்தது. அதை நம் நேரத்துக்குத் திருப்பி வைத்தாள்.

"தொறந்துட்டாளா?" மாமி எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். நானும் நின்றேன்.

முதலில் மின்னஞ்சல் வரிசையைக் கேட்டாள். காலி என்றது. பிறகு புரோகிராம் இருந்த இடத்துக்குப் போய், அனுப்பாத மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் வந்தது.

"என்ன சொல்லுதுளா?"

"அனுப்ப ஒண்ணும் பாக்கி இல்லங்குது மாமி. எழுதினது எல்லாம் எனக்கு வந்து சேந்துட்டு."

"நெஞ்சு வலின்னு?"

"எழுதல."

"எழுதணும் எழுதணும்னு சொன்னானாமே."

"எழுதல மாமி."

மாமி பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார். அவர் எதிர்பார்த்தது அந்த ஒரு வரியை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருமகளைக் குற்றம் சொல்ல அல்ல, மகனின் கடைசிப் பேச்சு எங்கேயாவது கிடக்கும் என்ற நப்பாசை. எனக்கும் அது இருந்தது. வெயிலில் உட்கார்ந்து துண்டு துண்டாக நான் இறக்கினதெல்லாம் இந்தக் காலி வரிசையைப் பார்க்கத்தானா என்று மச்சான் மேல் கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதுதான். வந்தது.

ராத்தா லேப்டாப்பை மூடப் போனாள். கை பாதியில் நின்றது. "இதுல வக்து நின்னுதானே கெடக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பேரை அடித்தாள்.

நிற்கவில்லை, ஓடியது. திரையில் ஐந்து வேளையும் வரிசையாக வந்தன. மக்ரிப் 6.17 என்றது. எல்லாவற்றுக்கும் மேலே இடத்தின் பேர் இருந்தது. நானே படித்தேன். காயல்பட்டினம்.

"நீ மாத்தினியா?" என்றேன்.

"நான் எங்க மாத்தினேன்? கடியாரத்தத்தான் மாத்தினேன்." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஊரு பேரு தனியா ஒரு கோப்புல இருக்கும். அவங்க கப்பல் இருக்க எடம் அவங்களுதுல, நம்ம ஊரு என்னுதுல. அது ஆளுக்கொண்ணு. அத மட்டும் அனுப்ப வேண்டாம், மாத்தமா எடுத்துக்க வேண்டாம்னு நாங்கதான் சொல்லி வச்சிருக்கோம்."

அந்தக் கோப்பைத் திறந்து, அது கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்தாள். ஜூன் மாதம்தான். தனக்கு எழுதின அன்றைக்கு மறுநாள் என்றாள்.

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். மச்சான் இருந்த ஊரில் சூரியன் மறையவே இல்லை, அதனால் மக்ரிபும் இல்லை, இரவுத் தொழுகையான இஷாவும் இல்லை, புரோகிராம் நின்றுவிட்டது, ராத்தாவிடம் சரிசெய்யச் சொல்லி எழுதினார். சரியாகி வரும் வரை, நம் ஊரில் சூரியன் எப்போது மறையும் என்று வக்து சொல்கிறதோ அப்போது அங்கே மக்ரிப் தொழுதிருக்கிறார். வெளியே பட்டப்பகல் மாதிரி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது.

"மார்க்கத்துல அப்படி இருக்கா?" என்றார் மாமி.

"தெரியாது மாமி."

"நான் சரி பண்ணிட்டேன் மாமி," என்றாள் ராத்தா.

இருவரும் திரும்பினோம்.

"அவங்க எழுதின அன்னைக்கே சரி பண்ணிட்டேன். பக்கத்துல சூரியன் மறையுற ஊரு எதுன்னு பாத்து, அந்த நேரத்த எடுத்துக்கும். இன்னும் ரெண்டு சின்னத் திருத்தம் இருந்திச்சி. எல்லாத்தயும் சேத்து ஒரே தடவயா அனுப்பிருவோம், அவங்களுக்கு டேட்டா மிஞ்சுமேன்னு வச்சிருந்தேன். இன்னும் என் லேப்டாப்புலதான் இருக்கு. அவங்க பக்கம் ஒண்ணும் பாக்கி இல்ல மாமி. என் பக்கந்தான் பாக்கி. அவங்களும் என்கிட்டருந்து ஒண்ணும் வரலன்னு..."

ஒன்றும் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். அங்கே இருந்தவர் இங்கே நலம் என்று நிம்மதியாக இருந்தார். இங்கே இருந்தவள் அங்கே நலம் என்று தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் திரையில் மக்ரிப் வரி கொஞ்சம் பளிச்சென்று மாறியது. வேளை வந்துவிட்டது என்று வக்து காட்டுகிற விதம் அது. உடனே குத்பாப் பள்ளியிலிருந்து பாங்கு கிளம்பியது. பிறகு அடுத்த தெருப் பள்ளியிலிருந்து, அதற்கு அடுத்ததிலிருந்து. எங்கள் ஊரில் ஒரு பாங்கு முடிவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும்.

ராத்தாவுக்கு விக்கல் எடுக்கிறது என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்க இரண்டு அடி வைத்தும்விட்டேன். திரும்பிப் பார்த்தால், மாமி அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். ராத்தாவின் முதுகு குலுங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது நான் அதுவரை கேட்டிராத சத்தம். அடுப்படியிலிருந்து உம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். "அழட்டும், வுடு," என்றார் மாமி. "எம்புள்ளைக்கு இப்பத்தான் அழுவுதா."

பாங்கு முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றோம். மக்ரிபுக்கு நேரம் குறைவு என்று யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மாமியே அவளை எழுப்பிக்கொண்டுபோய், தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்ய வைத்தார். வந்து கேட்டவர்களுக்கு நான் இதை ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. மாமி அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு கேட்டதில்லை.

இத்தா முடிந்துவிட்டது. கேபிள்காரர் வந்து பெட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனார், இப்போது வீட்டில் நெட்டுக்குக் குறைவில்லை. ராத்தா மறுபடி கல்லூரிக்குப் போகிறாள். சூரியன் மறையாத ஊருக்கான அந்தத் திருத்தத்தை, வக்து வைத்திருக்கிற கப்பல்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். மரியானுக்குத் தெரிந்த ஒரு பையன் அடுத்த ஜூனில் வடக்கே போனபோது, அது சரியாக ஓடுகிறது என்று பதில் போட்டான்.

மச்சானின் லேப்டாப் அவள் மேசையில் அவளுடையதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் வந்ததும் திறந்து வைப்பாள், அவர் வைத்தபடியே வக்து நம் ஊர் மக்ரிபைக் காட்டும். அதில் மட்டும் அவள் அந்தத் திருத்தத்தைப் போடவில்லை.